நான் வைத்த மேளம்

மாந்தோப்பு அக்கா ரவிக்கைத் துணியோடு வந்தால் உட்காரவே மாட்டார். அளவு ரவிக்கையைத் தையல் மிஷின் மேல் போட்டுவிட்டு, "கை மட்டும் கொஞ்சம் லூசா வைம்மா" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். அன்றைக்கு வந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏதோ சங்கதி இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நம்ம தோப்புல ஒரு விருந்து வைக்கலாம்னு இருக்கேன்மா" என்றார். "நம்ம ஊர் சாப்பாடு, நம்ம ஊர் மேளம். மெட்ராஸ்ல என் பையனோட வேலை செய்யறவங்க வருவாங்க. நம்ம ஜனமும் வரும். சாப்ட்டுட்டு அவங்கவங்களால ஆனதைக் குடுக்கட்டும். உங்க வீட்டுக்காரர் காலுக்கு."

நான் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வாயைத் திறப்பேன். திறந்தால் என்ன வரும் என்று எனக்கே நிச்சயமில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும், பொய்யில்லை.

என் வீட்டுக்காரர் பம்பைக்காரர். திருத்தணி மலைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு முன்னால் இடுப்பில் ஜோடி மேளத்தைக் கட்டிக்கொண்டு, அடிவாரத்தில் ஆரம்பித்தால் மேல் வாசல் வரைக்கும் கை நிற்காமல் அடிப்பார். படியில் மூச்சு வாங்கி நிற்கிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு மறுபடி ஏறுவார்கள். எத்தனை மேளம் ஒன்றாக முழங்கினாலும் அதில் அவர் கை எது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் மட்டுமில்லை, பூக்கடைக்காரர்களும் சொல்வார்கள்.

அந்த மனுஷன்தான் ஆர்.கே.பேட்டை ரோட்டில் வண்டியில் வரும்போது குறுக்கே வந்த நாய்க்கு ஒதுங்கப் போய் விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. மறுபடி ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும், தள்ளிப் போட்டால் கால் குட்டையாகவே நின்றுவிடும், பாரத்தைக் கட்டிக்கொண்டு படி ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் வந்துவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டுமே, அந்த மருந்து, போக்குவரத்து, வயிறு? என் ஒரு மிஷின் எத்தனைக்கு ஓடும்? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் என் வீட்டுக்காரர் "பாக்கலாம்" என்றார். அடுத்த மாதமும் "பாக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் என்றால் அவருக்கு ரோஷம். யாரிடமும் கை நீட்டாமல் வளர்ந்த கை அது.

அன்றிரவு அக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன். கட்டிலில் படுத்தபடி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"விருந்துன்னா சரி மே. பிச்சைன்னா வாணாம்."

மறுநாள் நானே தோப்புக்குப் போனேன். "விருந்து வைங்கக்கா. ஆனா சமையல் நான். மேளம் அவரு. நாங்க சும்மா சேர்ல உக்காந்துகினு வர்றவங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருக்க மாட்டோம்" என்றேன். "உங்களுக்காகத்தானம்மா வைக்கிறோம், நீங்களே வேலை செய்யறதா?" என்று அக்கா தயங்கினார். "அப்படின்னா விருந்தே வாணாங்க்கா" என்றேன். அக்காவுக்கு என்னை இருபது வருஷமாகத் தெரியும். சரி என்றுவிட்டார்.

அக்காவின் தம்பிக்கு டவுனில் எலெக்ட்ரிக் கடை. பந்தல், லைட்டு, விளம்பரம் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் பிரியாணி போடலாம் என்றார். "மெட்ராஸ்காரங்க பிரியாணி துன்னவா இவ்ளோ தூரம் வராங்க? அவங்க தெருவுக்கு நாலு கடை கீது" என்றேன். கேழ்வரகுக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, சைவக்காரர்களுக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு, புளிச்சக்கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி, கடைசியில் ரசம் சோறு. அவ்வளவுதான், மாற்றமில்லை என்றேன். தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா மாமரத்தைப் பார்த்தார்.

விருந்து அன்றைக்கு மத்தியானமே தோப்புக்குப் போய்விட்டோம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கி முடித்த கொல்லையைச் சமமாக்கித் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். டிராக்டர் டிரெய்லரைக் கழுவி மேளக்காரர்களுக்கு மேடையாக நிறுத்தியிருந்தார்கள். மாமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, காலை நீட்டிக்கொள்ள இன்னொரு நாற்காலியும் போட்டு என் வீட்டுக்காரரை உட்கார வைத்தோம். வாசலில் ஒரு மேஜை. அதன் மேல் வாயை மஞ்சள் துணியால் கட்டிய எவர்சில்வர் குடம், துணியில் காசு போட ஒரு கிழிசல். குடத்து வயிற்றில் போனில் பணம் போடுவதற்கு அக்காவின் க்யூஆர் அட்டை. அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

நான் பம்ப்செட் ரூமுக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பை மூட்டிவிட்டேன். என்னோடு களை எடுக்கப் போகிற நாலு பெண்கள் உதவிக்கு வந்திருந்தார்கள். கூட்டத்துக்குக் களி கிண்டுவது என்ன சாதாரண வேலையா? முதலிலேயே கிண்டி வைத்தால் கல்லாகிவிடும். ஒரே அண்டாவில் மொத்தமாகக் கிண்டினால் அடியில் கட்டி கட்டியாக நிற்கும். பந்தி உட்கார உட்கார, சின்னப் பாத்திரத்தில் நொய் வேகவைத்து, மாவைக் கொட்டி மூடி, வெந்ததும் துடுப்பால் கிண்டிச் சுடச்சுட உருட்ட வேண்டும். மூன்று அடுப்பும் மாறி மாறி எரிய வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். அந்த நாலு பேரும் ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை.

சாயங்கால வெயில் இறங்கும் நேரம். வாசல் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒப்பாரிச் சத்தம்.

துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். பள்ளிப்பட்டிலிருந்து என் வீட்டுக்காரருடைய அத்தை. கையில் பெரிய ரோஜா மாலை, தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. "மலையேறிப் பம்பை அடிச்ச கை எங்கடா போச்சு, என் ராசா" என்று மார்பில் அடித்துக்கொண்டு தோப்புக்குள் வருகிறார். பின்னாலேயே சொந்தக்காரர்கள் நாலைந்து பேர், தலையில் துண்டு போட்டபடி.

மாமரத்தடியிலிருந்து குரல் வந்தது. "கை இங்கதான் கீது அத்த. காலுதான் கொஞ்சம் சரியில்ல."

அத்தை அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் நேராகப் போய் அவர் தோளில் பளார் பளார் என்று நாலு வைத்தார். "அறிவு கெட்டவனே, உசுரோட இருக்கசொல்ல இன்னாத்துக்குடா பஸ் ஸ்டாப்புல போட்டோ போட்டீங்க? போன் போட்டா ஒருத்தரும் எடுக்கல. நெஞ்சு வெடிச்சு வர்றேன்டா நானு."

விசாரித்தால் எல்லாம் அக்காவின் தம்பி வேலை. பிளெக்ஸ் கடைக்குப் போனிலேயே சொல்லியிருக்கிறார். போட்டோவைப் பெரிதாகப் போடு, பெயரைக் கீழே போடு, தேதி போடு, எல்லாரும் வாங்க என்று போடு. கடைக்காரன் என்ன செய்வான், அவன் கைக்குப் பழகினபடி நடுவில் போட்டோ வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியவிட்டு, கீழே பூவைத் தூவிவிட்டான். தம்பியும் அதை வாங்கி வந்து, இந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் பிளெக்ஸ் கட்டுகிற அதே கம்பத்தில் கட்டிவிட்டார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் யார் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள்? போட்டோ, விளக்கு, தேதி. அத்தையும் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், மாலை வாங்கிவிட்டார். எங்கள் வீடு பூட்டியிருந்ததும், எல்லாரும் தோப்பில் இருக்கிறார்கள் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது, வீட்டுக்காரருடையது விழுந்த அன்றைக்கே உடைந்துபோனது.

தம்பியை நான் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர்தான் சிரித்தார். "சரி வுடு மே. நான் செத்தா யார் யாரு அழுவாங்கன்னு தெரிஞ்சுக்கினேன். அத்த, காசு போட்டு வாங்கின மாலை, வீணாக்காத, போடு" என்று கழுத்தை நீட்டினார். நான் மாலையைப் பிடுங்கி மாட்டுக் கொட்டாய் பக்கம் வீசினேன். அக்காவின் கறவை மாடு அதை நார் வரைக்கும் தின்றுவிட்டது. அத்தை அழுகையும் சிரிப்புமாகக் கொண்டையை முடிந்துகொண்டு, அடுப்படிக்கு வந்து துடுப்பைக் கையில் எடுத்தார்.

எல்லாரும் சிரித்துக் கலைந்த பிறகு என் வீட்டுக்காரர் என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். கிட்டே போனேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாத்தியா மே. போட்டோ போட்டுக் காசு கேட்டா செத்தவன்தான். அத்த மேல தப்பில்ல. அந்தக் குடத்துல வுழுற காசை நான் தொட மாட்டேன். நீயும் தொடாத."

"அப்ப ஆஸ்பத்திரி?"

"வாணாம். கால் எப்படி கீதோ அப்படியே இருக்கட்டும்."

"யோவ், விளையாடறியா? இந்த ஆடிக்கு மலையேற வாணாமா நீ?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்தலாம் என்றால் ஜனம் வந்துகொண்டிருக்கிறது. அடுப்படிக்குத் திரும்பினேன். அவர் ஒரு தரம் தொட மாட்டேன் என்றால் தொட மாட்டார். விருந்து முடிந்து அந்தக் குடம் நிரம்பி நின்றாலும் என் வீட்டுக்கு அதனால் பிரயோஜனமில்லை, அந்தக் கால் கோணலாகவே நின்றுவிடும். ஒவ்வொரு களி கிண்டும்போதும் மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பந்தி போட்டோம் பாருங்கள், அது பந்தி. மலையில் விளக்குப் போட்டார்கள், கொல்லையில் இலை போட்டோம். ஒரு பக்கம் அம்மையார்குப்பத்து நெசவுக்காரக் குடும்பங்கள், ஒரு பக்கம் எங்கள் தெரு, நடுவில் மெட்ராஸ்காரர்கள். களியை உருட்டி இலையில் வைத்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினால் ஆவி முகத்தில் அடிக்கிறது. மெட்ராஸ் பெண்ணொருத்தி களியை மென்று மென்று பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு திண்டாடினாள். "மெல்லாதம்மா, குழம்புல புரட்டி அப்படியே முழுங்கு" என்றேன். முழுங்கினாள். இன்னொரு உருண்டை கேட்டாள். அப்புறம் கடைசல் மட்டும் தனியாகக் கேட்டாள். நெசவுக்காரப் பெரியவர் ஒருவர் இலையை மூடிவிட்டு என்னைத் தேடிக்கொண்டு அடுப்படிக்கே வந்து, "கட்டி ஒண்ணுகூடத் தட்டுப்படலம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண வீட்டில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றபோதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. இடுப்பில் சொருகின அழுக்குச் சேலையோடு நின்றேன்.

கடைசிப் பந்தி எழுந்ததும் எல்லாரும் டிரெய்லருக்கு முன்னால் கூடினார்கள். உடுக்கை அடிக்கிறவர் என் வீட்டுக்காரருடைய அக்கா புருஷன். கைச்சிலம்பு குலுக்குகிறவரையும் நாயனக்காரரையும் அவர்தான் கூட்டி வந்திருந்தார். என் வீட்டுக்காரரைத் தூக்கி டிரெய்லரில் உட்கார வைத்து, இடுப்பில் கட்ட முடியாது என்பதால் பம்பையை எதிரில் பெஞ்சு மேல் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். அக்கா மைக்கைப் பிடித்து, "இப்ப நம்ம அண்ணன் அடிக்கப் போறாரு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவர் குச்சியைத் தொடவில்லை.

கைதட்டல் அடங்கியது. காலில் வலி என்று நினைத்து அக்கா தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். உடுக்கைக்காரர் குனிந்து, "ஆரம்பிடா மச்சான்" என்றார்.

"இது யாரு வச்ச மேளம் பாவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

மெதுவாகத்தான் கேட்டார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. எல்லாருக்கும் கேட்டாலும், அதன் அர்த்தம் மேளக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் புரியும். மேளம் வைக்கிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கும் தட்சணையும் வைத்து, இன்ன காரியத்துக்கு மேளம் வைக்கிறேன், வந்து அடித்துக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் மேளக்காரர்கள் பம்பையைத் தொடுவார்கள். சொந்த அண்ணன் மகன் காவடி எடுத்தாலும் தட்டு வைக்காமல் அவர் குச்சியை எடுத்ததில்லை. தட்டு வைக்கிற வழக்கம் அக்காவுக்குத் தெரியாமலில்லை. இவருக்காக வைக்கிற விருந்தில் இவரையே கூலிக்குக் கூப்பிடுவதா என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டார். நல்ல மனசில்தான் செய்தார். ஆனால் என் வீட்டுக்காரருக்கோ அது, நீ இன்றைக்கு மேளக்காரன் இல்லை, நோயாளி என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

நான் கையைக் கழுவினேன். சாப்பிட்டவர்களுக்காக வைத்திருந்த வெற்றிலையிலிருந்து நல்லதாகப் பார்த்து எடுத்தேன். பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு தாம்பாளம். ரவிக்கைக்குள் சொருகியிருந்த பர்ஸில் லைனிங் துணி வாங்க வைத்திருந்த நோட்டு இருந்தது. அதையும் வைத்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிரெய்லருக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் வச்ச மேளம்" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், அடங்கிவிட்டார்கள்.

"இந்த விருந்து எங்க வீட்டு விருந்து. எடம் அக்கா குடுத்தாங்க, சோறு நான் ஆக்கினேன். எங்க வீட்டுக்காரருக்குக் கால் நல்லாயி மலையேறணும்னு வேண்டிக்கினு மேளம் வைக்கிறேன். நீங்க அடிச்சுக் குடுக்கணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படி 'நீங்க' போட்டுப் பேசினதில்லை. அவர் என்னைப் பார்த்தார். பம்பைக்காரரை எனக்குத் தெரியும், புருஷனைத் தெரியும். இரண்டு பேரும் ஒரே முகத்தில் நின்று என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். தனக்கு முன்னால் கீழே வைத்தார்.

"உத்தரவுங்களாம்மா?" என்றார், மேளம் வைக்கிற பெரிய வீட்டுக்காரர்களிடம் கேட்கிற அதே குரலில்.

"ஆங். ஆரம்பிங்க."

ஆரம்பித்தார். என்ன சொல்ல? மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்த கையா அது? முதலில் இடது குச்சி தனியாகப் பேசியது. அப்புறம் வலதும் சேர்ந்துகொண்டது. நாயனக்காரர் பிடிக்கப் பார்த்தார், இவர் விடவில்லை. உடுக்கை துரத்தியது, விட்டுக்கொடுத்து மறுபடி தாண்டினார். அத்தைக்கு மருள் வந்து தலையை விரித்துக்கொண்டு ஆடினார், வேப்பிலை தேடி இரண்டு பேர் ஓடினார்கள். மெட்ராஸ் பிள்ளைகள் போனில் படம் பிடிப்பதை விட்டுவிட்டு எழுந்து ஆடினார்கள். எங்கள் தெருக்காரர்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். ஆமாம், என் வீட்டுக்காரர்தான், நான் வைத்த மேளம்தான் என்று நானும் நிமிர்ந்து நின்றேன். பெருமையை மறைக்கத் தெரியாது எனக்கு, மறைக்கவும் இல்லை.

அடித்து முடித்துக் குச்சியைக் கீழே வைத்தார். அப்போதுதான் அத்தை மருள் தெளிந்து, தண்ணீர் குடித்துவிட்டு, சுருக்குப் பையைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். நேராகத் தட்டில் போட்டார். மேளம் கேட்டவர்கள் கைக்குச் சன்மானம் போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தானே. அவருக்குப் பின்னால் எங்கள் தெரு வந்தது. நெசவுக்காரர்கள் வந்தார்கள். சாப்பிட வரும்போது குடத்தில் போடாமல் தாண்டி வந்தவர்கள்தான் எல்லாரும். செத்தவன் வீட்டுக் குடம் மாதிரி நின்ற அதில் போட அவர்களுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் என் வீட்டுக்காரர் தலையை அசைத்து, கை கூப்பினார். மேளக்காரர் கூப்புகிற கூப்பு அது. அதில் கூச்சமில்லை.

அக்காவின் தம்பி குடத்திலிருந்த க்யூஆர் அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்து தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். நாளெல்லாம் அவர் செய்ததில் அது ஒன்றுதான் உருப்படி. மெட்ராஸ்காரர்கள் போனை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

கடைசியாக அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் முகம் மறுபடி இறுகுவதைப் பார்த்தேன். அக்கா கெட்டிக்காரர். என்னையும் தட்டையும் பார்த்தார். "மேளத்துக்கு முன்னாடியே போட்டவங்க காசுண்ணா இது. தட்டுல சேக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவர் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சேருங்கம்மா" என்றார்.

அக்கா துணியை அவிழ்த்துத் தட்டில் கொட்டினார்.

வீட்டுக்கு அத்தை வந்த ஷேர் ஆட்டோவிலேயே திரும்பினோம். காலை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் விழுந்த காசைப் பம்பை மூடுகிற துணியில் மூட்டை கட்டி என்னிடம் கொடுத்தார். நான் வைத்த லைனிங் நோட்டை மட்டும் தனியாக எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது என் கூலி. நான் வச்சுக்கறேன்" என்றார். "மத்தது காலுக்கு. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குக் கௌம்பு மே."